ஒப்படைப்புக் குறிப்பில் ஒரு வரி: தூதரகத்தின் கான்சுலர் பிரிவில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

முன்னதாகச் சில வார்த்தைகள்

சம்பந்தப்பட்டவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் நாடுகளின் பெயர், ஆண்டு, ஊர் எதையும் இங்கே குறிப்பிடவில்லை. அப்போது நான் அந்தத் தூதரகத்தில் முதல் செயலாளராக இருந்தேன். அந்த நாட்டில் இருக்கும் எங்கள் நாட்டவரின் தேவைகளைக் கவனிக்கும் கான்சுலர் பிரிவு என் மேற்பார்வையில் இருந்தது. நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு. இது அங்கே கைதான எங்கள் நாட்டு இளைஞர் ஒருவரைப் பற்றியது. நாள் கணக்கு எல்லாம் அவர் கைதான தேதியை முதல் நாளாக வைத்துச் சொல்லப்படுகிறது.

பின்னணி

வெளியுறவுப் பணியில் பல நாடுகளில் ஒரு போஸ்டிங் சுமார் மூன்று ஆண்டு. வாழ்வதற்குக் கடினமான இடம் என்றால் இரண்டு. உள்ளூர் மொழி ஓரளவு பிடிபட்டு, எந்தக் காரியத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து, அமைச்சகத்தின் வரவேற்பறையில் இருப்பவர் நம் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே அனுப்பும் நிலை வரும்போது மூட்டை கட்டும் நேரமும் வந்துவிடும். இப்படி மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே நாட்டில் நெடுநாள் இருப்பவர் அந்த நாட்டின் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கிவிடுவார் என்ற பயம் பல வெளியுறவு அமைச்சகங்களுக்கும் இருக்கிறது. அது தேவையில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான விலையை அதிகாரி மட்டும் கொடுப்பதில்லை.

எங்கள் கான்சுலர் பிரிவில் ஓர் இரண்டாம் செயலாளர், ஓர் உதவியாளர், உள்ளூரில் நியமிக்கப்பட்ட ஊழியர்கள் இருவர். பாஸ்போர்ட் புதுப்பிப்பு, விசா, பிறப்பு இறப்புப் பதிவு, சான்றொப்பம் எல்லாம் இந்த நான்கு பேர் தலையில். அந்த நாட்டுச் சிறைகளில் இருந்த எங்கள் நாட்டவர் 23 பேரைக் கவனிப்பதும் அவர்கள் வேலைதான். இரண்டாம் செயலாளரின் பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அவர் இடத்துக்கு வரவிருந்தவருக்கு அது மூன்றாவது போஸ்டிங். அதற்கு முன் ஒரு தூதரகத்தில் மூன்றாம் செயலாளர், பிறகு இன்னொன்றில் அரசியல் பிரிவு, இடையில் தலைமையகத்தில் ஒரு மேசை வேலை. கான்சுலர் வேலை அவருக்கு முதல் தடவை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசியல் பிரிவில் இருந்தவரை மேதாவியாகவும், கான்சுலர் பிரிவில் இருந்தவரைக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவராகவும் பார்க்கும் வழக்கம் எங்கள் துறையில் நெடுநாளாக இருக்கிறது. அது தவறு. அரசியல் பிரிவின் அறிக்கை ஒரு வாரம் தாமதமானால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கான்சுலர் பிரிவில் ஒரு வாரம் என்றால் என்ன என்பதை இந்த நிகழ்வு எனக்குக் காட்டியது.

கைதும் முதல் சந்திப்புகளும்

இளைஞருக்கு வயது 27. ஒரு பட்டறையில் மெக்கானிக். உதிரிபாகங்கள் காணாமல் போனதாக முதலாளி புகார் கொடுத்ததும் போலீஸ் அவரைக் கைது செய்தது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, கைதுக்குப் பிறகு அது எங்கே போனது என்றே தெரியவில்லை. போலீஸ் பதிவேட்டில் அவர் பெயரின் இரண்டு பகுதிகளும் இடம் மாறி, எழுத்துக்கூட்டலும் வேறாகப் பதிவாகியிருந்தது. அந்தச் சின்னப் பிழை இந்த வழக்கில் மூன்று இடத்தில் குறுக்கே வந்தது.

கைதான செய்தி எங்களுக்கு அரசு வழியாக வரவில்லை. ஆறாம் நாள் அவருடைய அக்கா ஊரிலிருந்து போன் செய்தபோதுதான் தெரிந்தது. 1963ஆம் ஆண்டு கான்சுலர் உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது ஷரத்துப்படி, வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தாமதமின்றி அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தாமதமின்றித் தகவலும் தர வேண்டும். தாமதமின்றி என்றால் எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இல்லை. மெக்சிகோ அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த அவேனா வழக்கில் 2004இல் தீர்ப்பளித்தபோது, கைதான கணத்திலேயே என்று அதற்குப் பொருளல்ல, ஆனால் ஆள் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் உரிமையைச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது என்று சர்வதேச நீதிமன்றம் விளக்கியது. சில நாடுகள் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று தங்களுக்குள் கெடு வைத்துக்கொள்கின்றன. 1980இல் அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட கான்சுலர் ஒப்பந்தத்தில் அது நான்கு நாள். எங்களுக்கும் அந்த நாட்டுக்கும் இடையில் அப்படி எதுவும் இல்லை.

எட்டாம் நாள் முன்னிருந்த அதிகாரி அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு நோட் வெர்பால் அனுப்பினார். தூதரகமும் அமைச்சகமும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் கடிதத்துக்கு அந்தப் பெயர். தூதரகம் தன்னையே படர்க்கையில் குறிப்பிட்டு, வணக்கத்தில் தொடங்கி, உயர்ந்த மதிப்பைப் புதுப்பித்து முடிக்கும். கையொப்பம் இருக்காது, சுருக்கொப்பமும் முத்திரையும்தான். பதினேழாம் நாள் அவர் சிறைக்குப் போய் இளைஞரைப் பார்த்தார். வக்கீல்கள் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். முப்பத்தெட்டாம் நாள் மறுபடியும் போனார். அதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

கைமாறிய நாட்கள்

நாற்பத்தைந்தாம் நாள் முன்னிருந்தவர் புறப்பட்டார். புதியவர் ஐம்பத்து நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தார். இருவரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவருக்குப் பிள்ளைகளின் பள்ளி திறக்கும் தேதி, இன்னொருவருக்கு விசா தாமதம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

கையில் இருந்தது 14 பக்க ஒப்படைப்புக் குறிப்பு. கவனமாக எழுதப்பட்ட குறிப்புதான். சிறையில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கு ஒரு வரி. இந்த இளைஞரின் வரி இது: "திருட்டு வழக்கு. விசாரணை நிலுவையில். இரண்டு முறை சந்திப்பு. குடும்பத்துடன் தொடர்பு உண்டு."

அதில் பொய் இல்லை. ஆனால் பெயர் போலீஸ் பதிவேட்டில் மாறியிருக்கிறது என்பது இல்லை. கைதி எண் இல்லை. அவர் இன்னும் வக்கீல் வைக்கவில்லை, அடுத்த சந்திப்பில் அதைப் பேசி முடிக்க வேண்டும் என்பது இல்லை. அதெல்லாம் முன்னிருந்தவரின் மனதில் இருந்தது, அவரோடு விமானம் ஏறிப் போய்விட்டது.

சிறைக்குள் விடும் அனுமதியும் அவர் பெயரில்தான் இருந்தது. தூதரகத்தில் கான்சுலர் வேலையைப் பார்ப்பவர்களின் பெயர்களை அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 70ஆவது ஷரத்து சொல்கிறது. அந்த நாட்டில் சிறைத்துறை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடும். புதியவர் வந்த இரண்டாம் நாளே தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி நோட் அனுப்பினார். பதில் வரவில்லை. இரண்டு வாரத்தில் நினைவூட்டல் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஏன் போகவில்லை என்றால், அதற்குள் அவரை நான் வேறு வேலைக்கு இழுத்துவிட்டேன். எங்கள் நாட்டு அமைச்சர் ஒருவரின் வருகை எழுபத்தெட்டாம் நாளுக்கு முடிவாகியிருந்தது. தூதரகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஓர் அமைச்சர் வருகிறார் என்றால் மூன்று வாரத்துக்கு எல்லாரும் அந்த வேலைதான். எந்தக் காரில் யார், எந்த வாசல், அடையாள அட்டை, அறை ஒதுக்கீடு, இருக்கை வரிசை. புதியவர் இதற்கு முன் இரண்டு வருகைகளைக் கையாண்டவர், கெட்டிக்காரர். அவரைத் தொடர்பு அதிகாரியாகப் போட்டேன். அந்த மூன்று வாரம் சிறைப் பட்டியலை யார் பார்ப்பது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கவனிக்காமல் போனவை

அக்கா ஐந்து முறை போன் செய்திருக்கிறார், எல்லாமே அலுவலக நேரத்துக்குப் பிறகு. பகலில் வேலைக்குப் போகிறவர். அந்த அழைப்புகள் டியூட்டி அதிகாரிக்குப் போகும். டியூட்டி வாரத்துக்கு ஒருவர். ஐந்து அழைப்பும் டியூட்டி பதிவேட்டில் ஐந்து வெவ்வேறு கையெழுத்தில் இருந்தன. நடவடிக்கை என்ற கட்டத்தில் ஐந்திலும் ஒரே சொல்: "தெரிவிக்கப்பட்டது." யாருக்கு என்று இல்லை. ஒவ்வொரு அதிகாரிக்கும் அது முதல் அழைப்பு. அக்காவுக்கு ஐந்தாவது.

எண்பத்தெட்டாம் நாள் விசாரணை நடந்து பத்து மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. வக்கீல் இல்லை. மொழிபெயர்ப்பாளரும் இல்லை. மேல்முறையீட்டுக்கு அந்த நாட்டில் 15 நாள் கெடு. எங்களுக்கு எதுவும் தெரியாது.

இளைஞர் சிறையிலிருந்து தூதரகத்துக்கு எழுதிய கடிதம் தொண்ணூற்றெட்டாம் நாள் வந்து சேர்ந்தது. உறையின் மேல் சிறை எழுதிய பெயர், அதாவது மாறிப்போன பெயர். தபால் பிரித்தவர் எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. "உறுதி செய்ய வேண்டியவை" என்ற தட்டில் போட்டார். விசா விண்ணப்பங்களின் மிச்சம் மீதியும் அதே தட்டில்தான் விழும். கடிதம் அங்கே ஒரு வாரம் கிடந்தது.

நூற்றைந்தாம் நாள், உள்ளூர் ஊழியர்களில் மூத்தவர் விடுப்பு முடிந்து திரும்பினார். அந்தப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவர், ஆறு அதிகாரிகளைப் பார்த்தவர். தட்டைச் சரி செய்யும்போது உறையின் மூலையில் சிறு முத்திரையும் அதற்குள் பேனாவால் எழுதிய கைதி எண்ணும் அவர் கண்ணில் பட்டன. முன்னிருந்த அதிகாரியோடு இரண்டு முறையும் சிறைக்குப் போனவர் அவர்தான், வாசலில் எண்ணை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். உறையை எடுத்துக்கொண்டு நேராகப் புதிய அதிகாரியிடம் போனார். அவர் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார். கடிதத்தை என் மேசையில் வைத்தார். மேல்முறையீட்டுக் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் கேள்வி, கண்டனம் தெரிவிப்பதா என்பது. விசாரணைத் தேதியை எங்களுக்குச் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளர் தரவில்லை. கடுமையாக எழுத எனக்குக் கை துடித்தது. புதிய அதிகாரி வேண்டாம் என்றார். கண்டன நோட் போனால் கோப்பு சிறைத்துறையிலிருந்து அமைச்சகத்தின் மேல்மட்டத்துக்கு ஏறும், அங்கே பதில் தயாரிக்கவே வாரங்கள் ஆகும், நமக்கு இப்போது நாட்கள்தான் முக்கியம் என்பது அவர் வாதம். இன்னொன்றும் சொன்னார்: நாமே எழுபது நாளாகப் போகவில்லை, அவர்கள் அதைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வோம்? அவர் சொன்னதுதான் சரி. இப்போது உடனடிச் சந்திப்பும் மேல்முறையீடும் மட்டும், குறைகளைப் பிறகு தனியாகப் பேசலாம் என்று பிரித்துக்கொண்டோம்.

அடுத்து, அமைச்சகத்துக்கு மறுபடி எழுதுவதா நேரில் போவதா. புதிய அதிகாரி நேரில் போனார். கான்சுலர் துறை மேசையில் இருந்த அதிகாரியிடம் முன்பு அனுப்பிய நோட்டின் எண்ணையும் தேதியையும் கொடுத்து, பதில் வரும்வரை அங்கேயே காத்திருந்தார். அவர் பெயர் பட்டியலில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. சிறைத்துறைக்குச் சொல்லியிருந்தார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு நினைவூட்டல் போயிருந்தால் வழக்கு விசாரணைக்கு முன்பே அவர் சிறைக்குப் போயிருக்கலாம்.

தூதர் நேரடியாக மேலிடத்தில் பேசட்டும் என்ற யோசனையும் வந்தது. தூதரே அதை நிறுத்தி வைத்தார். குற்றம் செய்தாரா இல்லையா என்று நாங்கள் வாதாட முடியாது. அந்த நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது 1961ஆம் ஆண்டு ராஜதந்திர உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தத்தின் 41ஆவது ஷரத்து. நாங்கள் கேட்கக்கூடியது முறையான விசாரணை, வக்கீல், மொழிபெயர்ப்பு. தூதர் வாய் திறந்தால் அது விடுதலை கேட்பதாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அவர் நினைத்தார். மேல்முறையீடு மறுக்கப்பட்டால் மட்டும் பேசுவதாகச் சொன்னார்.

அப்புறம், குடும்பத்திடம் என்ன சொல்வது. தலைமையகம் பட்டும் படாமலும் ஒரு வாசகம் அனுப்பியது. புதிய அதிகாரி ஏற்கவில்லை. முதலில் இளைஞரைக் கேட்போம், அவர் சம்மதித்தால் அக்காவிடம் நடந்ததை நடந்தபடியே சொல்வோம் என்றார். நான் அவர் பக்கம் நின்றேன். இந்த நிகழ்வில் நான் சரியாகச் செய்த சிலவற்றில் அது ஒன்று.

நூற்றெட்டாம் நாள்

சந்திப்பு அறையில் நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் போன். இருபது நிமிடம் அனுமதி. நானும் கூடப் போயிருந்தேன். இளைஞர் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். முன்னிருந்தவர் கொடுத்த வக்கீல் பட்டியல். பின்பக்கம் ஐந்தைந்தாகக் கோடுகள். எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"எழுபது நாள் யாரும் வரலை சார். அடுத்த தடவை வரும்போது வக்கீல் பத்திப் பேசலாம்னு அந்த சார் சொன்னாரு. அதான் யாரையும் கூப்பிடாம இருந்தேன்."

அதாவது அவர் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் ஒருமுறைகூடப் போகாதிருந்தால் தானே ஒரு வக்கீலைக் கேட்டிருப்பார். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

புதிய அதிகாரி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "வந்திருக்கணும். வரலை. தப்பு எங்களோடது," என்றார். உடனே, "ஏதாவது தாள்ல கையெழுத்து போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தார். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. நீல முத்திரை, கையெழுத்துக்கு இரண்டு கோடு, இது மட்டும் ஞாபகம் இருந்தது. பிறகு அமர்த்திய வக்கீல் கோப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது தனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று இளைஞர் எழுதிக் கொடுத்த தாள். அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது.

பின்னர் நடந்தது

நூற்றுப் பத்தாம் நாள் மேல்முறையீடு தாக்கலானது, கெடுவுக்கு ஏழு நாள் கழித்து. தாமதத்தை மன்னிக்கக் கேட்டதற்கு வக்கீல் சொன்ன காரணம் அந்தத் தாள்தான். புரியாத மொழியில் கையெழுத்து வாங்கப்பட்டவருக்குக் கெடு எப்படித் தெரியும்? நூற்றிருபத்தெட்டாம் நாள் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நூற்றெழுபத்தொன்றாம் நாள் மொழிபெயர்ப்பாளரோடு விசாரணை நடந்தது. குற்றம் உறுதியானது, ஆனால் சிறிய அளவிலானது என்று கொண்டு, தண்டனை ஐந்து மாதமாகக் குறைக்கப்பட்டு, நாடு கடத்தும் உத்தரவும் வந்தது. ஐந்து மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது.

ஆனாலும் அவர் அன்றே புறப்பட முடியவில்லை. பாஸ்போர்ட் இல்லாததால் அவசரப் பயணச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதற்கு அடையாளம் சரிபார்க்க வேண்டும். நீதிமன்ற உத்தரவில் இருந்த பெயரும் எங்கள் பதிவில் இருந்த பெயரும் பொருந்தவில்லை. அதைத் தீர்க்கப் பதினைந்து நாள். நூற்றெண்பத்தாறாம் நாள் விமானம் ஏறினார். மேல்முறையீடு ஏற்கப்பட்ட அன்றே இந்தச் சரிபார்ப்பைத் தொடங்கியிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை.

அக்காவிடம் புதிய அதிகாரியே பேசினார், இளைஞரின் சம்மதத்தோடு. நாற்பது நிமிடம். அந்த அம்மா கோபப்படவில்லை என்றும், ஐந்து தடவையும் போனில் யார் பேசினார்கள் என்று மட்டும் கேட்டார் என்றும் சொன்னார்.

குறைகளைப் பிறகு அமைச்சகத்திடம் தனியாகப் பேசினோம். 36ஆவது ஷரத்து கைதைப் பற்றித்தான் சொல்கிறது, ஒவ்வொரு விசாரணைத் தேதியையும் தெரிவிக்கச் சொல்லவில்லை என்றார்கள். ஷரத்தின் வாசகப்படி அது சரிதான். ஆனால் சிறையில் இருக்கும் எங்கள் நாட்டவரின் பட்டியலை மாதம் ஒருமுறை தர ஒப்புக்கொண்டார்கள். அதில் கைதி எண்ணும் அடுத்த விசாரணைத் தேதியும் இருக்கும்.

என்ன மாற்றினோம்

அட்டவணையில் கைதி எண், பதிவேடுகளில் உள்ள எல்லா எழுத்துக்கூட்டல்கள், வக்கீல் பெயர், கைதிக்கு நாங்கள் கொடுத்த வாக்கு என்று நான்கு கட்டங்கள் சேர்ந்தன. கடைசிக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது அந்த மூத்த ஊழியர். "அடுத்த முறை பேசலாம்" என்று சொல்லியிருந்தால் அதைக்கூட எழுத வேண்டும்.

டியூட்டி பதிவேட்டில் "தெரிவிக்கப்பட்டது" என்று எழுதுவதை நிறுத்தினோம். யாரிடம், எந்தக் கோப்பில் என்று எழுத வேண்டும். கான்சுலர் அதிகாரி வேறு வேலைக்குப் போனால் சிறைப் பட்டியல் எழுத்துபூர்வமாக இன்னொருவர் பெயருக்கு மாற வேண்டும். அனுமதியும் எப்போதும் இரண்டு பெயரில்.

இன்றைக்கு நான் இன்னும் ஒன்றைச் செய்வேன். புதிய அதிகாரி வந்த முதல் வாரத்தில் மூத்த உள்ளூர் ஊழியரோடு ஒரு முழு நாள் உட்கார வைப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. வந்துபோகும் நாங்கள் அவர்களைக் கோப்பு எடுத்துக் கொடுப்பவர்களாக நடத்துகிறோம். அந்தப் பிரிவின் நினைவு முழுக்க அவர்களிடம்தான் இருக்கிறது.

36ஆவது ஷரத்தை நான் அதற்குப் பிறகு பலமுறை படித்திருக்கிறேன். கைதியைப் போய்ப் பார்க்கும் உரிமை தூதரகத்துக்கு உண்டு என்கிறது. போய்த்தான் ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. அந்தக் கடமை முழுக்க அந்த நாற்காலியில் அப்போது யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையில்.

அப்போது புதியவராக வந்த அந்த இரண்டாம் செயலாளர் மூன்று வருடம் முடித்து அடுத்த ஊருக்குப் போனார். புறப்படும் முன் பத்து நாள் தன் சொந்த விடுப்பைப் போட்டுத் தங்கினார். அடுத்து வந்தவரின் பெயர் அமைச்சகப் பட்டியலில் ஏறியதை நேரில் போய் உறுதி செய்துகொண்டார். கடைசி மூன்று நாளும் அவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு சிறையாகப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒவ்வொருவரிடமும், "இனிமே இவங்கதான் வருவாங்க. இவங்க பேரைக் குறிச்சு வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.